எமர்ஜென்சி டாக்டரைக் களத்துக்குத் தயார் செய்வது: இரண்டு நாள் பயிற்சியை நடத்த முழுமையான வழிகாட்டி

"மானிட்டர் எங்கே சார்?"

நாங்கள் நடத்திய முதல் பயிற்சியில், கவிழ்த்துப் போட்ட மேஜைக்கு அடியில் தலையை நுழைத்த பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) கேட்ட முதல் கேள்வி இது. ராத்திரி இரண்டு மணிக்கு அவரிடம் என் அப்பாவையே நம்பி ஒப்படைக்கலாம், அவ்வளவு கெட்டிக்காரர். ஆனால் அன்று தலைக்கு மேலே லைட் இல்லை, பக்கத்தில் ஸ்டாஃப் நர்ஸ் இல்லை, முட்டிக்குக் கீழே ஜல்லி குத்தியது. கையில் இருந்ததெல்லாம் ஒரு பை. அதில் எது எங்கே இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

கேஷுவாலிட்டியில் நன்றாக வேலை செய்யும் டாக்டர்களை டாக்டிகல், ரெஸ்க்யூ சூழல்களுக்குப் பழக்க நினைக்கும் சீனியர்களுக்காக இதை எழுதுகிறேன். கற்றுக்கொள்பவர்களைவிட நடத்துபவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பும் ஒன்றுதான்: மாக் டிரில்லில் ஆரம்பிப்பது. சைரன், புகை, சிவப்புச் சாயம், போட்டோ எல்லாம் அமர்க்களமாக இருக்கும், ஆனால் யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். டிரில் என்பது பரீட்சை. அதைக் கடைசியில் வையுங்கள். அதற்கு முன் என்னென்ன, எந்த வரிசையில் என்பதுதான் இங்கே விஷயம்.

1. எந்தக் களம் என்று முதலில் தீர்மானியுங்கள்

டாக்டிகல், ரெஸ்க்யூ, ராணுவம் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். போலீஸ் கமாண்டோக்களுக்குப் பின்னால் நிற்கும் டாக்டருக்கு ஆபத்து மனிதனிடமிருந்து வருகிறது. தீயணைப்புப் படையோடு போகிறவருக்குக் கான்கிரீட்டிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் வருகிறது. ராணுவ மருத்துவத்தில் இவற்றோடு தூரமும் காத்திருப்பும் சேர்ந்துகொள்கின்றன. ஆஸ்பத்திரி பத்து நிமிடத்தில் இல்லை என்பதுதான் அங்கே தொடக்கப் புள்ளி.

சென்னைக்கு எது தேவை என்று ஊரைப் பார்த்தே சொல்லிவிடலாம். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதே வருடம் மே 1-ல் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் பெட்டிகளில் குண்டு வெடித்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஊருக்குள் வந்தது. 2024 அக்டோபர் 6-ல் மெரினா விமான சாகசத்துக்குக் கூடிய கூட்டத்தில் 5 பேர் இறந்தார்கள். அங்கே எதிரி வெயிலும் நெரிசலும்.

அதனால் என் பரிந்துரை: முதல் நாள் டாக்டிகல் அடிப்படை, இரண்டாம் நாள் ரெஸ்க்யூ. ராணுவத்திடமிருந்து சிகிச்சை வரிசையையும், ஆம்புலன்ஸ் வராதபோது என்ன செய்வது என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். டி.சி.சி.சி. என்ற ராணுவ நெறிமுறையின் மூலக் கட்டுரை 1996-ல் வந்தது. அதைப் பொதுமக்களுக்கான சூழலுக்கு மாற்றி எழுதியதுதான் டி.இ.சி.சி. நமக்கு இரண்டாவதுதான் பொருந்தும். காரணம் எளிது: ராணுவ வீரர் பெரும்பாலும் இளைஞர், உடற்கட்டு உள்ளவர். நம் நோயாளிகளில் சர்க்கரை வியாதிக்காரப் பாட்டியும் இருப்பார், கைக்குழந்தையும் இருக்கும்.

துப்பாக்கி பக்கமே போக வேண்டாம். "சார், ஒரு நாள் ஃபயரிங் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒவ்வொரு பேட்சிலும் ஒருவர் கேட்பார். அதில் கழியும் அரை நாளில் டூர்னிக்கெட்டை (ரத்தப்போக்கை நிறுத்த, கை காலில் சுற்றிக் குச்சியால் திருகி இறுக்கும் பட்டை) நாற்பது முறை கட்டிப் பழகலாம்.

2. தேதி, இடம், கடிதம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை நேரம். பாடம் எடுக்க வருவதாக ஒப்புக்கொண்ட தீயணைப்பு அலுவலர் அன்று காலை எங்காவது படகில் இருப்பார். அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியனிலிருந்து யாரையாவது அழைப்பதாக இருந்தாலும் இதே கதைதான். கத்திரி வெயிலும் வேண்டாம். ஜனவரி பொங்கல் முடிந்ததிலிருந்து பிப்ரவரி கடைசி வரை நல்ல காலம். வெளியில் செய்யும் பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து பதினொன்றுக்குள் முடியுங்கள்.

ஆறு வாரம் முன்னதாக மூன்று கடிதங்கள் போக வேண்டும்: உங்கள் டீன் அல்லது மெடிக்கல் சூப்பரின்டெண்டென்டுக்கு, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு, தீயணைப்பு நிலையத்துக்கு. காவல் நிலையக் கடிதத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நாங்களும் மறந்தோம். காம்பவுண்ட் சுவருக்கு வெளியே போன ஆட்டோக்காரர் ஒருவர், உள்ளே சட்டையெல்லாம் ரத்தமாக ஆட்கள் கிடப்பதைப் பார்த்துவிட்டு நல்ல மனதோடு போன் போட்டுவிட்டார். நிஜ ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அந்த இருபது நிமிடம் அந்த வண்டி வேறு யாருக்கோ கிடைக்காமல் போயிருக்கலாம். அன்றிலிருந்து வாசலில் "இது பயிற்சி" என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பேனர் தொங்குகிறது. செக்யூரிட்டி அண்ணனுக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

பேட்ச் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். நான்கு பேருக்கு ஒரு பயிற்றுநர். அதற்கு மேல் போனால் பின்வரிசையில் இருப்பவர் கைகட்டி வேடிக்கை பார்ப்பார்.

3. பொருட்கள்

டூர்னிக்கெட்டுகளை இரண்டு பெட்டிகளில் வையுங்கள். பயிற்சிக்கு ஒன்று, நிஜத்துக்கு ஒன்று, இரண்டும் கலக்கவே கூடாது. திரும்பத் திரும்ப இழுத்துத் திருகிய பட்டை தளர்ந்துபோகும், நிஜமான தொடையில் கட்டும்போது கைவிட்டுவிடும். பயிற்சிக்கென்றே நீல நிறத்தில் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் பெயின்ட் அடித்துக் குறியிடுங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் போலிகள் தாராளமாகப் புழங்குகின்றன. திருகும் குச்சி வளைந்தால் அது போலி, குப்பையில் போடுங்கள்.

காயத்தில் துணி அடைத்துப் பழக, கறிக்கடையில் எலும்போடு ஒரு ஆட்டுத் தொடை வாங்குங்கள். கத்தியால் ஆழமாக ஒரு பொந்து போட்டு, டிரிப் டியூப் ஒன்றை உள்ளே செருகி, சாயத் தண்ணீரை சிரிஞ்சால் தள்ளினால் போதும். கறி தொட விரும்பாதவர்களுக்கு மெத்தைக் கடையில் கிடைக்கும் தடித்த ஃபோம் துண்டு இருக்கட்டும். இதற்காக யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

போலி ரத்தத்துக்கு சோளமாவுக் கஞ்சியும் சிவப்பு ஃபுட் கலரும் போதும். ஒருமுறை ரோஸ் சிரப்பை ஊற்றினோம். கால் மணி நேரத்தில் 'அடிபட்டு'க் கிடந்த மாணவர்கள் எல்லோரும் எறும்புக் கடி தாங்காமல் எழுந்து ஓடினார்கள்.

மற்றவை: தலையில் மாட்டும் டார்ச், ஹெல்மெட், தடித்த கையுறை, முட்டிக்குப் பட்டை, தூசிக்கு மாஸ்க், பர்மனென்ட் மார்க்கர், டிரையேஜ் அட்டைகள் (யாருக்கு முதலில் சிகிச்சை என்று நிறத்தால் பிரிப்பவை), பழைய பெட்ஷீட்டுகள், ஓ.ஆர்.எஸ்., நிறையத் தண்ணீர்.

4. முதல் மணி நேரம்: நிற்கப் பழக்குங்கள்

டாக்டரின் உடம்பில் ஊறிய பழக்கம், அலறல் கேட்டால் ஓடுவது. வார்டில் அது நல்ல குணம். களத்தில் அது இன்னொரு நோயாளியை உண்டாக்கும். அதனால் மருந்தையும் கட்டையும் தொடுவதற்கு முன்பே இதை உடைக்க வேண்டும்.

நாங்கள் செய்வது இது. அறிமுகம் பேசிக்கொண்டிருக்கும்போது, முப்பது மீட்டர் தள்ளி ஒரு மாணவி "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று கத்துவார். அவர் காலடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருக்கும், அதற்குள் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் கிடக்கும் (எங்கும் சொருகாதது, இரண்டு முறை சரிபார்த்தது). இதுவரை ஒவ்வொரு பேட்சிலும் குறைந்தது நான்கு பேராவது தண்ணீரில் கால் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் கையில் ஒரு அட்டை கொடுப்போம்: "மின்சாரம். நீங்கள் இறந்துவிட்டீர்கள்." அடுத்த இருபது நிமிடம் அவர் ஓரமாக உட்கார வேண்டும். உட்கார்ந்தவர் அதை மறப்பதே இல்லை.

அதற்குப் பிறகுதான் ஸோன் பாடம். ஆபத்து நேரடியாக இருக்கும் இடம் ஹாட் ஸோன், ஆபத்து திரும்பி வரக்கூடிய இடம் வார்ம் ஸோன், பாதுகாப்பான இடம் கோல்டு ஸோன். இந்த எல்லைகள் சுண்ணாம்புக் கோடுகள் இல்லை. சுவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் வார்ம் ஹாட்டாகிவிடும். ஹாட் ஸோனில் செய்யக்கூடியது, அடிபட்டவரை அங்கிருந்து நகர்த்துவதும், கை கால் ரத்தம் பீறிட்டால் டூர்னிக்கெட் போடுவதும் மட்டுமே. மீதி எல்லாம் அப்புறம்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: களத்துக்குத் தலைவர் டாக்டர் இல்லை. போலீஸ் அதிகாரியோ தீயணைப்பு அலுவலரோ "உள்ளே வராதீங்க டாக்டர்" என்றால் போகக் கூடாது. எம்.டி. முடித்தவர்களுக்கு இது கசக்கும். கசந்தாலும் பரவாயில்லை.

5. 'ஏ.பி.சி.'யை மாற்றி 'மார்ச்' வரிசைக்கு வாருங்கள்

கேஷுவாலிட்டியில் நாம் மூச்சுப்பாதையில் ஆரம்பித்து, மூச்சு, ரத்த ஓட்டம் என்று போகிறோம், அதுதான் 'ஏ.பி.சி.'. களத்தில் முதலில் பெரிய ரத்தப்போக்கு, அப்புறம் மூச்சுப்பாதை, பிறகு நெஞ்சு, பிறகு ரத்த ஓட்டம், கடைசியில் உடல் குளிர்வதும் தலைக்காயமும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'மார்ச்'. தொடை ரத்தக்குழாய் அறுந்தவர் சில நிமிடங்களில் போய்விடுவார் என்பதும், அதை நிறுத்த ஒரு பட்டை போதும் என்பதும்தான் இந்த வரிசைக்குக் காரணம்.

டூர்னிக்கெட்டில் அதிக நேரம் செலவிடுங்கள். எல்லோரும் "தெரியும் சார்" என்பார்கள். கையில் கட்டச் சொல்லிவிட்டு, கட்டிய கையின் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். நின்றிருக்க வேண்டிய நாடி பாதிப் பேருக்குத் துடித்துக்கொண்டிருக்கும்.

காரணம் ஒன்றுதான்: பட்டையை இறுக்கி இழுக்காமல், தளர்வாகச் சுற்றிவிட்டு, குச்சியைத் திருகியே இறுக்கிவிடலாம் என்று நினைப்பது. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழையாத அளவுக்கு முதலில் இழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குச்சி. சரியாக இழுத்திருந்தால் சில சுற்றுகளே போதும். ஐந்தாறு சுற்றுக்கு மேல் போகிறதென்றால் அவிழ்த்து முதலிலிருந்து கட்டச் சொல்லுங்கள்.

ஹாட் ஸோனில் துணிக்கு மேலேயே, கை காலில் எவ்வளவு மேலே போக முடியுமோ அங்கே. காயத்தைத் தேட அங்கே நேரம் கிடையாது. வார்ம் ஸோனுக்கு வந்ததும் துணியைக் கத்தரித்துப் பார்த்து, காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே தோலின் மீது கட்ட வேண்டும். மூட்டின் மேல் கட்டக் கூடாது. சட்டைப் பையிலோ பேன்ட் பையிலோ சாவிக்கொத்தோ செல்போனோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதன் மேல் கட்டினால் அழுத்தம் சரியாக விழாது. ஒன்று போதவில்லை என்றால் அதற்கு மேலே பக்கத்திலேயே இரண்டாவது. நேரத்தை மார்க்கரால் எழுத வேண்டும், பெட்ஷீட் போட்டு மூடி மறைக்கக் கூடாது.

வலிக்கும், பயங்கரமாக வலிக்கும். பயிற்சியில் ஒவ்வொருவரும் தன் காலில் ஒருமுறை முழுதாக இறுக்கி ஒரு நிமிடம் தாங்கட்டும். நோயாளி கத்துகிறார் என்று தளர்த்தும் டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். தானே அனுபவித்தவர் தளர்த்துவதற்குப் பதில் வலியை அடக்க கெட்டமின் கொடுப்பார்.

"நடுநடுவே தளர்த்தி ரத்தம் ஓட விடணுமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பழைய முதலுதவிப் பாடத்தின் மிச்சம் அது. கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் வேறு வழியில் ரத்தத்தை நிறுத்த முடிந்தால், நோயாளி ஷாக்கில் (ரத்த ஓட்டம் போதாமல் சரிந்த நிலை) இல்லை என்றால், மாற்றலாம். ஆறு மணி நேரம் தாண்டியதை வெளியில் வைத்து அவிழ்க்கவே கூடாது.

ஒவ்வொருவரும் குறைந்தது முப்பது முறை கட்டட்டும். பிறர் காலில், தன் காலில், ஒற்றைக் கையால், கண்ணைக் கட்டிக்கொண்டு, கையுறையில் சாயக் கஞ்சி வழுக்கும்போது.

இடுப்பு மடிப்பு, அக்குள் போன்ற இடங்களில் பட்டை நிற்காது. அங்கேதான் ஆட்டுத் தொடை பாடம். விரலால் ரத்தம் வரும் புள்ளியைத் தேடி, அந்த விரலை எடுக்காமல், கட்டுத்துணியை அடியிலிருந்து திணித்துக்கொண்டே வர வேண்டும். புதியவர்கள் காயத்தின் வாயில் பஞ்சு வைத்ததுபோல் மேலோட்டமாக அடைப்பார்கள், அடியில் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தத்தை உறைய வைக்கும் மருந்திட்ட துணி என்றால் 3 நிமிடம், சாதாரணத் துணி என்றால் 10 நிமிடம் இரு கைகளாலும் அழுத்த வேண்டும். ஸ்டாப்வாட்ச் வையுங்கள். மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். நெஞ்சிலும் வயிற்றிலும் இப்படி அடைக்கக் கூடாது.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட்டை அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது கிராஷ்-2 ஆய்விலிருந்தே நமக்குத் தெரிந்தது. களத்தில் அதைக் கொடுத்தால் அட்டையில் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஆஸ்பத்திரியில் கணக்குத் தெரியாமல் இன்னொரு டோஸ் போகும்.

6. மூச்சுப்பாதையும் நெஞ்சும்

இதில் அதிகம் கற்றுத்தர வேண்டியதில்லை, எமர்ஜென்சி டாக்டருக்குக் கை பழகியதுதான். குறைக்கத்தான் கற்றுத்தர வேண்டும். நினைவோடு இருப்பவர் உட்கார்ந்து முன்னால் குனிந்தால் மூச்சு வருகிறதா? அப்படியே விடுங்கள், மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். வார்ம் ஸோனில் மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்கு முன், அடுத்த அரை மணி நேரம் மூச்சு கொடுக்கும் பேக்கை அமுக்கப் போவது யார் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் டியூப் வேண்டாம்.

நுரையீரலை அழுத்தும் காற்றை வெளியேற்ற நெஞ்சில் ஊசி போடும் இடத்தில் ஒரு தப்பு சகஜம்: வார்டில் கிடைக்கும் சாதாரண 14 கேஜ் கேனுலாவை எடுப்பது. நீளம் போதாது, சதையிலேயே நின்றுவிடும். 8 சென்டிமீட்டர் ஊசி பையில் இருக்க வேண்டும். ஐந்தாவது விலா இடைவெளி, அக்குளின் முன் கோடு.

7. சென்னையிலும் உடம்பு குளிரும்

"முப்பத்தெட்டு டிகிரி வெயில்ல ஹைப்போதெர்மியாவா சார்?" சிரிப்பு வரும். ரத்தம் இழந்தவர், நனைந்த சட்டை, சிமென்ட் தரை, அப்புறம் முழு ஏ.சி. ஓடும் ஆம்புலன்ஸ். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது கெடும், உறையாவிட்டால் நீங்கள் கட்டியதெல்லாம் வீண். ஈரத் துணியைக் கழற்றி, கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு பெட்ஷீட், வண்டியில் ஏ.சி.யைக் குறைக்கச் சொல்வது. இவ்வளவுதான்.

வெயிலில் சுருண்டவருக்கு இதற்கு நேர் எதிர். உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போய், பேச்சுக் குழறினால், முதலில் அங்கேயே தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள், ஐஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்புறம்தான் வண்டி. ஹெல்மெட்டும் கனத்த உடையும் போட்ட மீட்புப் பணியாளரும் இதில் அடக்கம். அவரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலுக்குக் கூப்பிடுவதும் டாக்டரின் வேலை.

8. இடிபாடு: தூக்குவதற்கு முன் டிரிப்

இரண்டாம் நாளின் மையம் இது. கான்கிரீட்டுக்கு அடியில் மணிக்கணக்கில் கால் நசுங்கிக் கிடப்பவர் பேசுவார், தண்ணீர் கேட்பார், மகள் பெயரைச் சொல்லுவார். கல்லைத் தூக்கியதும் சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியம் ஒரே மூச்சில் ரத்தத்தில் கலப்பதுதான் காரணம். மீட்புப் பணியாளருக்கு அது இன்னும் கொடுமை, தன் கையால் காப்பாற்றியவர் தன் கையிலேயே போவது.

அதனால் வரிசை: கை எட்டினால் முதலில் ஐ.வி., கிடைக்காவிட்டால் எலும்புக்குள் போடும் ஊசி. நார்மல் சலைன், பெரியவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் கணக்கில், தூக்குவதற்கு முன்பே ஓட வேண்டும். ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. நம் கை தானாக ஆர்.எல். பாட்டிலுக்குத்தான் போகும், அதனால் ரெஸ்க்யூ பையில் அதை வைப்பதே இல்லை. பொட்டாசியத்திடமிருந்து இதயத்தைக் காக்க கால்சியம் குளுக்கோனேட் சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்கட்டும். டியூப் போட வேண்டி வந்தால், தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் வேண்டாம், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும்.

பயிற்சிக்கு இரண்டு பெஞ்சுகளைக் கவிழ்த்து மேலே மணல் மூட்டை அடுக்குங்கள். உள்ளே இருப்பவரின் ஒரு முழங்கை மட்டும் வெளியே நீளட்டும். டாக்டர் குப்புறப் படுத்து, டார்ச் வெளிச்சத்தில், அந்த ஒற்றைக் கையில் எல்லாம் செய்ய வேண்டும். பயிற்றுநர் மீட்புக் குழுத் தலைவராக நடிப்பார். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார்: "டாக்டர், தூக்கலாமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகுவதுதான் பாடம். பலரும் "ம்... பாத்துட்டு சொல்றேன்" என்பார்கள். களத்தில் அதற்கு 'தூக்கலாம்' என்றுதான் அர்த்தமாகும். "இன்னும் பத்து நிமிஷம் தூக்காதீங்க. டிரிப் ஓடுது. நானே சொல்றேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதே தலைவர் "சுவர் அசையுது, இப்பவே வெளியே வாங்க" என்றால் வாதம் கிடையாது, டிரிப்பைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். இரண்டு சூழ்நிலையையும் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள்.

களத்தில் உறுப்பை வெட்டியெடுப்பது பற்றிப் பேசுங்கள், யார் முடிவெடுப்பார்கள் என்று சொல்லுங்கள். செய்து பழக இரண்டு நாள் பயிற்சி இடமில்லை.

9. டிரையேஜ்: முதல் நோயாளியிடமே உட்கார்ந்துவிடாதீர்கள்

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பது நம் ஆட்களுக்குப் பழக்கம்தான். அதனால் "இது தெரிஞ்சதுதானே" என்று அலட்சியம் வரும். ஆஸ்பத்திரியில் சிவப்பு என்றால் எல்லோரும் அவர் மேல் விழுந்து வேலை செய்வோம். களத்தில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு எழுந்து அடுத்தவரிடம் போக வேண்டும். கால்களுக்குப் பிடிக்காத வேலை அது.

ஸ்டார்ட் முறையையே சொல்லிக்கொடுங்கள். நடக்க முடிந்தவர் பச்சை. மூச்சு இல்லையென்றால் பாதையைத் திறந்து பார், அப்போதும் இல்லையென்றால் கறுப்பு, வந்தால் சிவப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் என்றால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லை, அல்லது அழுத்தி விட்ட இடத்தில் ரத்தம் திரும்ப 2 நொடிக்கு மேல் என்றால் சிவப்பு. "கையைத் தூக்குங்க" என்றால் தூக்கவில்லை, சிவப்பு. மீதி மஞ்சள். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள். செய்யக்கூடிய சிகிச்சை இரண்டே: மூச்சுப்பாதையைத் திறப்பது, பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது.

கறுப்பு அட்டைதான் கஷ்டம். ஒரு மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என் தம்பி சார், பாருங்க சார், இப்பதான் பேசினான்" என்று சட்டையைப் பிடிக்கச் சொல்கிறோம். ஒரு வரி பதில் தயாராக இருக்கட்டும், அதைச் சொல்லிவிட்டு நகரப் பழகட்டும். அன்று மாலை அந்தப் பயிற்சியைப் பற்றி உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குங்கள். சிலருக்குப் பழைய டியூட்டிகள் ஞாபகம் வரும்.

10. ஆம்புலன்ஸ் வராவிட்டால்

2015 டிசம்பரில் விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது, பாலங்கள் மூழ்கின, செல்போன் சிக்னல் போனது. அதனால் 'நோயாளியை ஆறு மணி நேரம் வைத்திருக்க வேண்டும்' என்று ஒரு சூழ்நிலை கட்டாயம் வேண்டும். ராணுவ மருத்துவம் இங்கேதான் உதவுகிறது.

டாக்டர்கள் இதில் தோற்பது மருந்தில் இல்லை, நர்சிங்கில்தான். புரட்டிப் படுக்க வைத்தார்களா, சிறுநீர் எவ்வளவு என்று பார்த்தார்களா, வலி மருந்து எத்தனை மணி நேரத்துக்கு மீதி இருக்கிறது என்று எண்ணினார்களா? ஒரு சீனியர் ஸ்டாஃப் நர்ஸை இந்தப் பகுதிக்குப் பயிற்றுநராகப் போடுங்கள். எங்களுக்கு வந்த அக்கா முதல் அரை மணி நேரத்திலேயே எல்லோருடைய கர்வத்தையும் இறக்கிவிட்டார்.

11. பேச்சும் எழுத்தும்

ஒப்படைக்கும்போது நான்கே விஷயம்: எப்படி அடிபட்டது, என்னென்ன காயம், இப்போது நாடி மூச்சு எப்படி, என்ன செய்தோம். இருபது நொடி. வாங்குபவர் திரும்பச் சொல்ல வேண்டும். மீட்புப் படையில் இந்தி மட்டும் பேசுபவர்கள் இருக்கலாம், அதனால் 'நில்', 'தூக்கு', 'இறக்கு', 'வெளியே' என்ற நான்கு சொற்களுக்குக் கைச் சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: குண்டோ கத்தியோ துளைத்த சட்டையை அந்த ஓட்டை வழியாகவே கத்தரிக்காதீர்கள். பக்கத்தில் கத்தரித்து, காகிதப் பையில் போட்டு, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போடும்போது ஒப்படையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும்.

12. கடைசியில் டிரில்

இப்போது சைரன் போடலாம். ஆறு நோயாளிகள் போதும். நாற்பது பேரைப் படுக்க வைத்தால் படம் நன்றாக வரும், பயிற்றுநரால் ஒருவர் கையையும் பார்க்க முடியாது.

ஆரம்பிக்கும் முன் ஒரு ரகசியச் சொல் வையுங்கள். எங்களுடையது 'நிஜம்'. யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் எல்லாம் நிற்க வேண்டும். ஒருமுறை நடிக்க வந்த மாணவர் உண்மையிலேயே வெயிலில் மயங்கிச் சரிந்தார். பக்கத்திலிருந்தவர்கள் "என்ன நடிப்புடா" என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த விதி வந்தது.

முடிந்ததும் பேசும்போது முதலில் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்: எத்தனையாவது நிமிடத்தில் முதல் டூர்னிக்கெட், எந்த அட்டை தப்பு, யார் ஹாட் ஸோனுக்குள் போனார். "ஏன்" என்ற கேள்வி அப்புறம். போன் வீடியோ இருந்தால் வாதம் குறையும்.

13. மூன்று மாதம் கழித்து

கை மறந்துவிடும். மூன்றாவது மாதம், டியூட்டி மாறும் நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு டூர்னிக்கெட்டை நீட்டி "உங்க வலது கையில கட்டுங்க, இடது கை மட்டும்" என்று சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் நாடி நிற்கவில்லை என்றால் அவருக்கு வேறொரு நாள் அரை மணி நேரம்.

அப்புறம் அந்தப் பை. அதற்கு ஒருவர் பெயரைப் போட்டு, மாதம் முதல் தேதி திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பையை ஐந்து மாதம் யாரும் திறக்கவில்லை. திறந்தபோது டார்ச்சில் பேட்டரி கசிந்து துரு ஏறியிருந்தது, நல்ல டூர்னிக்கெட்டுகள் மூன்றில் இரண்டு காணோம். ஒன்று வார்டில் ஐ.வி. ஸ்டாண்டையும் கட்டிலையும் சேர்த்துக் கட்டியிருந்தது.